அப்பாவின் டிவிடிகளும் அம்மாவின் ரிமோட்டும்

மும்பை மாட்டுங்காவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறோம். வீட்டில் கணவர், பத்தாம் வகுப்பு படிக்கும் மகன், 72 வயது அம்மா. ஹாலில் 2018-ல் வாங்கிய 55 அங்குல 4கே டிவி இருக்கிறது. படத்தில் குறையில்லை. ஆனால் டிவிக்குள் இருக்கும் செயலிகள் ஊர்கின்றன. இரண்டு செயலிகள் ‘இனி இந்த டிவியில் இயங்காது’ என்று சொல்லிவிட்டன. 2012-ல் வாங்கிய 5.1 ரிசீவரும் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) ஸ்பீக்கர்களும் நல்ல நிலையில் உள்ளன. மறைந்த அப்பா சேர்த்துவைத்த 180 டிவிடிகளும் 90 விசிடி தட்டுகளும் அலமாரியில் இருக்கின்றன. படுக்கையறையில் 2014-ல் வாங்கிய ஒரு கணினி உண்டு: நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5, 8 ஜிபி நினைவகம், விண்டோஸ் 10.

சென்னையில் இருக்கும் தம்பி, “ஹாலுக்கென்றே ஒரு ஹோம் தியேட்டர் கணினி கட்டிவிடு, எல்லாம் அதில் ஓடும்” என்று 62,000 ரூபாய்க்குப் பட்டியல் போட்டு அனுப்பியிருக்கிறார். கணவர், “டிவியில் செருகும் ஆறாயிரம் ரூபாய் ஓடிடி ஸ்டிக் போதும்” என்கிறார். லாமிங்டன் ரோடு கடைக்காரர் ஒருவர் 2,800 ரூபாய்ப் பெட்டியைக் காட்டி, எல்லா ஓடிடியும் அதில் இலவசம் என்றிருக்கிறார். எதை வாங்குவது, அப்பாவின் தட்டுகளைக் கணினியில் ஏற்றுவது சட்டப்படி சரிதானா, பழைய ரிசீவர் தேறுமா என்பவை வாசகியின் கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

மூன்று பேரின் யோசனைகளையும் விரிவாக எழுதிவிட்டு, போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: பகல் முழுக்க டிவி அம்மா கையில்தான். முடிவைத் தீர்மானிப்பது அந்த வரிதான். ஹாலில் வைக்கும் சாதனம் எதுவானாலும், ஒரே ரிமோட்டில் ஒரே பொத்தானை அழுத்தினால் டிவி உயிர்பெற்று அம்மாவின் சீரியல் திறக்க வேண்டும். அது நடக்காவிட்டால், பிராசசர் எத்தனையாம் தலைமுறையாக இருந்தும் பயனில்லை.

உங்கள் வீட்டில் இரண்டு வேலைகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. காசு கட்டிப் பார்க்கும் ஓடிடி ஒன்று, வீட்டிலேயே இருக்கும் தட்டுகள் இன்னொன்று. முதல் வேலையைக் கணினி அரைகுறையாகத்தான் செய்யும். இரண்டாவதற்குக் கணினி கட்டாயம் வேண்டும். ஆனால் அது ஹாலில் இருக்க வேண்டியதில்லை, புதிதாகவும் இருக்க வேண்டியதில்லை. படுக்கையறையில் இருக்கும் 2014 கணினியே தாங்கும். ஆக, ஹாலுக்கு ஒரு நல்ல ஸ்டிக் அல்லது பெட்டி, பழைய கணினிக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க். தம்பி போட்ட தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் காரியம் முடிந்துவிடும்.

ஓடிடி ஏன் கணினியில் மங்குகிறது

“கணினியில் ஓடாதது எது?” என்று தம்பி கேட்கிறார். ஓடும், ஆனால் முழுத் தரத்தில் ஓடாது. ஓடிடி நிறுவனங்கள் படத்தைப் பூட்டி அனுப்புகின்றன. அந்தப் பூட்டைத் திறக்கும் வேலை சில்லுக்குள்ளேயே, வெளியார் கை படாமல் நடக்கும் சாதனங்களுக்குத்தான் உயர்ந்த தரத்தைக் கொடுப்பார்கள். சான்று பெற்ற ஆண்ட்ராய்டு டிவி சாதனங்களில் இதற்கு வைட்வைன் எல்1 என்று பெயர். உலாவியில் மென்பொருளாகவே திறக்கப்படும் எல்3 நிலைக்குக் கிடைப்பது குறைந்த தரம்.

விண்டோஸில் நெட்ஃபிளிக்ஸை 4கே-யில் பார்க்க வேண்டுமானால், இன்டெல் சில்லு என்றால் ஏழாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். கூடவே எட்ஜ் உலாவி அல்லது நெட்ஃபிளிக்ஸின் சொந்தச் செயலி, ஹெச்இவிசி என்ற சுருக்க முறைக்கான நீட்சி, கேபிள் வழி முழுக்க ஹெச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்புப் பூட்டு ஆகியவையும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் தரம் தானாக இறங்கிவிடும். ஏன் இறங்கியது என்று திரையில் ஒரு வார்த்தையும் வராது. பிரைம் வீடியோ கணினி உலாவிக்கு 4கே தருவதே இல்லை. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளம் போட்ட கணினியில் நிலைமை இன்னும் மோசம்.

உங்கள் நெட்ஃபிளிக்ஸ் திட்டம் 499 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். அது 1080பி-யோடு (முழு ஹெச்டி) நின்றுவிடும். 4கே வேண்டுமானால் 649 ரூபாய் பிரீமியம் திட்டத்துக்குப் போக வேண்டும். எனவே 4கே-க்காகத்தான் இந்தக் கணினி என்ற வாதம், உங்கள் இப்போதைய சந்தாவை வைத்துப் பார்த்தால் நிற்கவே இல்லை.

அசைவிலும் ஒரு சிக்கல் உண்டு. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்), நம் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் 25 அல்லது 50. சாதனம் எதையும் 60-ல் வைத்தே அனுப்பினால், கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் படம் தடுக்கித் தடுக்கி நகரும். நல்ல ஸ்டிக்குகளிலும் பெட்டிகளிலும் படத்தின் மூலச் சட்டக வேகத்தோடு பொருத்திக்கொள்ளும் அமைப்பு இருக்கிறது. பெரும்பாலும் அணைத்தே வைத்திருப்பார்கள், திரை அமைப்புகளுக்குள் போய் இயக்கிவிடுங்கள். வேகம் மாறும்போது திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பும், அது பழுதல்ல. செயலியும் இதற்கு ஒத்துழைத்தால்தான் மாறும். கணினியில் ‘கோடி’ (Kodi) என்ற படம் ஓட்டும் மென்பொருள் இதைச் செய்யும், உலாவி செய்யாது.

இனி ரிமோட். ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே டிவியை எழுப்பவும் அணைக்கவும் ஒலியைக் கூட்டவும் உதவும் சிஇசி வசதி அநேகமாக எல்லா ஸ்டிக்குகளிலும் உண்டு. சாதாரணக் கணினிகளின் ஹெச்டிஎம்ஐ-யில் அநேகமாக இருக்காது. அதற்கெனத் தனி யுஎஸ்பி துணைக்கருவி வாங்கிப் பொருத்தலாம்தான். ஆனால் மதியச் சீரியல் நேரத்தில் விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு மறுதொடக்கம் ஆனால், விசைப்பலகையும் மவுஸும் எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போய் உட்காரப் போவது யார்? தம்பி சென்னையில் இருக்கிறார்.

இதெல்லாம் புதிய குறையும் அல்ல. மைக்ரோசாஃப்ட் நிறுவனமே 2002-ல் ஹாலுக்கென்று ‘மீடியா சென்டர்’ விண்டோஸைக் கொண்டுவந்து, 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது அதைக் கைவிட்டது. ஹால் கணினி செத்துப்போய்விட்டது என்று சொல்ல வரவில்லை. அது ஆர்வமுள்ள ஒருவர் வீட்டிலேயே இருந்து பராமரிக்க வேண்டிய பொருள்.

தம்பியின் பட்டியல்

62,000 ரூபாயில் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குப் போகிறது. அந்தக் கார்டு போட்டால் டிவிடி எல்லாம் 4கே மாதிரி ஆகிவிடும் என்பது தம்பியின் நம்பிக்கை. டிவிடி படத்தில் இருப்பது 720-க்கு 576 அல்லது 720-க்கு 480 புள்ளிகள். விசிடியில் வெறும் 352-க்கு 288. கார்டு ஓரங்களைக் கொஞ்சம் கூர்மையாக்கும், இல்லாத விவரத்தை உண்டாக்காது. 55 அங்குலத்தில் விசிடி மங்கலாகத்தான் தெரியும். டிவிடியில் கண்ணை உறுத்துவது புள்ளிக் குறைவைவிட, வேகமான அசைவில் தெரியும் சீப்புப்பல் கோடுகள்தான். அவற்றை நீக்குவது மென்பொருள் வேலை, விலையுயர்ந்த கார்டு தேவையில்லை.

தம்பி சொல்வது சரியாகப் பொருந்தும் வீடுகளும் இருக்கின்றன. 4கே புளூரே படங்களைச் சுருக்காமல் அப்படியே வைத்திருப்பவர்கள், அவற்றின் டால்பி ட்ரூஹெச்டி ஒலி குறையாமல் ரிசீவருக்குப் போக வேண்டும் என்பவர்கள், ஹால் டிவியிலேயே கேம் ஆடுகிறவர்கள் கணினியை வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்கும் படம் பார்க்க மட்டும் என்றால் இன்டெல் என்100 சில்லு உள்ள சின்னக் கணினி போதும். 6 வாட் சில்லு. ஹெச்இவிசி 10-பிட், ஏவி1 என்ற இரண்டு சுருக்க முறைகளையும் வன்பொருளிலேயே விரிக்கும். உங்கள் பழைய நான்காம் தலைமுறை ஐ5 இரண்டில் எதையும் அப்படி விரிக்காது, அதன் ஹெச்டிஎம்ஐ-யில் 4கே நொடிக்கு 30 சட்டகத்துக்கு மேல் போகாது. அதை ஹாலுக்குக் கொண்டுவரும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

மகனுக்குப் படிக்கப் புதுக் கணினி தேவை என்றால் அது வேறு செலவு. அதை அவன் மேஜைக்கென்றே வாங்குங்கள். ஒரே கணினியில் ஒருவன் பாடம் படிக்க, பாட்டி அதே நேரத்தில் சீரியல் பார்க்க முடியாது.

லாமிங்டன் ரோட்டுப் பெட்டி

இதில் மட்டும் எனக்கு இரண்டாம் எண்ணம் கிடையாது. வாங்காதீர்கள்.

எல்லா ஓடிடியும் இலவசம் என்றால் அது திருட்டு ஒளிபரப்பு. அதைவிடக் கவலை தருவது பெட்டிக்குள் இருக்கும் மென்பொருள். இவை சான்று பெற்ற ஆண்ட்ராய்டு டிவி அல்ல. பொதுவில் கிடைக்கும் ஆண்ட்ராய்டை எடுத்து யாரோ ஏற்றியவை. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, பேட்பாக்ஸ் 2.0 என்ற வலைப்பின்னல் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது. மலிவான டிவி பெட்டிகள் சில தொழிற்சாலையிலிருந்தே தீய நிரலோடு வருகின்றன, வாங்கியவரின் வீட்டு இணைய இணைப்பை அவருக்குத் தெரியாமலே மோசடிகளுக்குப் பயன்படுத்துகின்றன என்பது அதன் சாரம். நீங்கள் வங்கி வேலை பார்க்கும் போனும் அதே வைஃபையில்தான் இருக்கிறது.

கடையிலேயே அடையாளம் காண்பது எளிது. முகப்புத் திரை போனைப் போலவோ கடைக்காரர் வடிவமைத்தது போலவோ இருக்கும், பிளே ஸ்டோர் அமைப்புகளில் ‘சான்றளிக்கப்படாத சாதனம்’ என்று வரும், நெட்ஃபிளிக்ஸ் டிவிக்கான செயலியாக இல்லாமல் போன் செயலியாகத் திறக்கும். காசு கட்டிய சந்தாவைக்கூட அது 480பி-யில்தான் காட்டும். பில் கேட்டுப் பாருங்கள், கடைக்காரரின் குரல் மாறும்.

ஸ்டிக்கா, பெட்டியா

கணவர் சொல்வதன் பக்கம்தான் நான். ஆனால் எந்த ஸ்டிக் என்பதில் கவனம் வேண்டும். வாங்குவதற்கு முன் இரண்டு பட்டியல் எழுதுங்கள்: அம்மா பார்க்கும் செயலிகள் (சன் நெக்ஸ்ட், ஜியோஹாட்ஸ்டார் என்று எழுதியிருந்தீர்கள்), வீட்டுப் படங்களுக்கான செயலிகள் (ஜெல்லிஃபின் அல்லது விஎல்சி). இவை எல்லாம் அந்தக் குறிப்பிட்ட மாடலின் ஸ்டோரில் உண்டா என்று பாருங்கள். அமேசான் 2025-ல் கொண்டுவந்த ஃபயர் டிவி ஸ்டிக் 4கே செலக்ட் ஆண்ட்ராய்டில் இயங்குவதல்ல, வேகா என்ற புது இயங்குதளத்தில் ஓடுவது. ஆண்ட்ராய்டு செயலிகளை வெளியிலிருந்து அதில் ஏற்ற முடியாது. பெயர் ஒன்றுபோலவே இருப்பதால் கடையில் எளிதாக மாறிவிடும். கூகுள் டிவி ஸ்டிக் என்றால், பெட்டியின் மேல் கூகுள் டிவி முத்திரையும் நெட்ஃபிளிக்ஸ் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆப்பிள் டிவி 4கே வேகமானது, விளம்பரம் குறைவு, பல வருடம் உழைக்கும். ஆனால் விலை ஸ்டிக்கைவிட இரண்டரை மடங்கு போல வரும். வீட்டில் ஐபோன் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குத் தேவையில்லை.

ஸ்டிக் வந்ததும், அதோடு வந்த அடாப்டரையே சுவரில் செருகுங்கள். டிவியின் யுஎஸ்பியிலிருந்து மின்சாரம் எடுத்தால் பெரும்பாலும் அரை ஆம்பியர்தான் வரும். பாதிப் படத்தில் ஸ்டிக் தானே அணைந்து எழும், நீங்கள் ஸ்டிக்கைக் குறை சொல்வீர்கள். கூடவே வரும் சின்ன ஹெச்டிஎம்ஐ நீட்டிப்புத் துண்டையும் பயன்படுத்துங்கள். ஸ்டிக் டிவியின் முதுகில் ஒட்டிக்கொள்ளாமல் சற்று வெளியே வரும், வைஃபை நன்றாகக் கிடைக்கும். மாட்டுங்காவின் பழைய கட்டடச் சுவர்கள் கனமானவை. ரூட்டர் வேறு அறையில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஹாலுக்கு வருவதற்குள் சோர்ந்துவிடும். நெட்ஃபிளிக்ஸ் 4கே-க்குக் கேட்பது 15 எம்பிபிஎஸ். டிவிடி உச்சத்தில் 10 எம்பிபிஎஸ் அளவுதான். டிவி இருக்கும் இடத்திலேயே போனை வைத்து வேகத்தை அளந்து பாருங்கள், 30 எம்பிபிஎஸ் நிலையாக வந்தால் கவலையில்லை. வராவிட்டால் முதலில் ரூட்டரை நகர்த்துங்கள்.

ரிசீவரும், சுர்ரென்ற அந்த அதிர்ச்சியும்

2012 ரிசீவர் தேறும், கேபிள்களின் வழியை மட்டும் மாற்ற வேண்டும். இப்போது எல்லாம் ரிசீவருக்குள் போய், அங்கிருந்து ஒரு கேபிள் டிவிக்குப் போகிறது. ஸ்டிக்கையும் அப்படியே ரிசீவரில் செருகினால், அந்தக் காலத்து ஹெச்டிஎம்ஐ 1.4 ஹெச்டிசிபி 2.2-ஐ அறியாது. படம் 1080பி-க்கு இறங்கும், அல்லது பிழைச் செய்தி வரும். ஸ்டிக்கையும் டிடிஹெச் பெட்டியையும் நேரே டிவியில் செருகுங்கள். டிவியில் ஏஆர்சி (ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி) என்று எழுதிய ஹெச்டிஎம்ஐ துளையிலிருந்து, ரிசீவரின் ஹெச்டிஎம்ஐ அவுட் துளைக்கு ஒரு கேபிள். டிவியில் சிஇசியை இயக்குங்கள் (ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கும்), ஒலி வெளியீட்டை ரிசீவருக்கு மாற்றுங்கள், ரிசீவரில் ஹெச்டிஎம்ஐ கன்ட்ரோல், ஏஆர்சி இரண்டையும் இயக்குங்கள்.

ஓடிடி செயலிகள் அனுப்புவது பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற ஒலி வடிவம். ஏஆர்சி வழியாக அதை வாங்கிக்கொள்ளப் பழைய ரிசீவர்கள் சில மறுக்கும். படம் ஓடுகிறது, ஒலி மட்டும் இல்லை என்றால் ஸ்டிக்கின் ஒலி அமைப்பில் சாதாரண டால்பி டிஜிட்டலைத் தேர்ந்தெடுங்கள், 5.1 வந்துவிடும். அப்போதும் வராவிட்டால் டிவியிலிருந்து ஆப்டிகல் கேபிள். மேலிருந்தும் ஒலி வரும் டால்பி அட்மாஸ் வராது. உங்களுக்கு மேலே ஸ்பீக்கர் இல்லாததால் அது இழப்பும் அல்ல.

ரிசீவரையோ கணினிப் பெட்டியையோ தொட்டால் சில சமயம் சுர்ரென்கிறது, மழைக்காலத்தில் அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் சரிசெய்யுங்கள். கணினியின் மின்வழங்கியில் இரைச்சலை வடிக்கும் சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். அவை வழியாகக் கசியும் மின்சாரம் எர்த் கம்பியில் இறங்க வேண்டும். எர்த் இல்லாவிட்டால் கணினியின் உலோகக் கூடு கிட்டத்தட்ட 115 வோல்டில் மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் கை கூசுவதோடு போகிறது. ஆனால் அந்த நிலையில் ஹெச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் டிவியின் துளையோ ரிசீவரின் துளையோ போய்விடலாம். ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்ற முனகல் கேட்டால் அதுவும் பெரும்பாலும் எர்த் தொடர்பானதே. கூச்சத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம், பழுதான கம்பிக் காப்பும் இதே மாதிரிதான் கூசும்.

பழைய கட்டடங்களில் மூன்று துளை பிளக் பாயிண்ட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து ஹாலிலும் படுக்கையறையிலும் எர்த் சோதிக்கச் சொல்லுங்கள். எர்த் துளையை நியூட்ரலோடு சேர்த்து முடிச்சுப் போட்டுத் தருகிறேன் என்பவரை உடனே அனுப்பிவிடுங்கள். அது உயிருக்கு ஆபத்து. எர்த் சரியாகும்வரை, எல்லாச் சாதனங்களின் பிளக்கையும் உருவிய பிறகே எந்த ஹெச்டிஎம்ஐ கேபிளையும் மாட்டுங்கள், கழற்றுங்கள்.

அப்பாவின் தட்டுகள்

முதலில் சட்டம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏ) பிரிவு, தனிப்பட்ட சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலை மீறலாகக் கருதுவதில்லை. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைப்பதை இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உள்ள குற்றமாக்குகிறது. ‘மீறும் நோக்கத்தோடு’ என்ற சொற்களைக் கவனியுங்கள். அப்பா காசு கொடுத்து வாங்கிய அசல் தட்டை வீட்டுக்குள் பார்ப்பதற்காகப் பிரதி எடுப்பதும், அதைப் பென்டிரைவில் போட்டு உறவினருக்கெல்லாம் கொடுப்பதும் ஒன்றல்ல. அசல் தட்டுகளை விற்காமல், கொடுக்காமல் வைத்திருங்கள். அலமாரியில் கள்ளப் பிரதிகளும் இருக்கும். அந்தக் காலத்து விசிடி அலமாரி எதில்தான் இல்லை? அவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தும் என்று எண்ண வேண்டாம். இது பொதுத் தகவல்தான், உறுதி வேண்டுமானால் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

அடுத்து இடம். டிவிடி ஒன்று சராசரி 6 ஜிபி என்றால் 180-க்குச் சுமார் 1.1 டிபி. விசிடி தட்டுக்கு 700 எம்பி, 90 தட்டுக்குச் சுமார் 65 ஜிபி. பார்ப்பதற்காகச் சுருக்கிய பிரதிகளுக்கு இன்னொரு 270 ஜிபி. 2 டிபி டிஸ்க் போதும். ஆனால் இரண்டு வாங்குங்கள். இரண்டாவது டிஸ்க், முதலாவதன் நகலுக்கு மட்டும். நகல் எடுத்து முடித்ததும் அதைக் கணினியிலிருந்து கழற்றி வேறு இடத்தில் வையுங்கள்.

டிவிடியை மேக்எம்கேவி என்ற மென்பொருள் கொண்டு அப்படியே எம்கேவி கோப்பாக எடுங்கள், தட்டுக்கு 15 முதல் 30 நிமிடம் ஆகும். இதுதான் காப்பகப் பிரதி. அதிலிருந்து ஹேண்ட்பிரேக் என்ற சுருக்கும் மென்பொருளில் ஹெச்.264, தரம் ஆர்எஃப் 19, சீப்புப்பல் கோடுகளை நீக்கும் டீகோம்ப் வடிகட்டி போட்டுப் பார்க்கும் பிரதி செய்யுங்கள். முதல் படத்தை முழுதாகச் செய்யுமுன், நடனக் காட்சி ஒன்றில் ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றி, கை வீசும் இடத்தில் சீப்புப்பல் தெரிகிறதா என்று பாருங்கள். ஒலியை ஏசி3 (டால்பி டிஜிட்டல்) ஆகவே விட்டுவிட்டால் 5.1 உள்ள தட்டுகளில் அது அப்படியே ரிசீவருக்குப் போகும். சப்டைட்டில் ஒரு தொல்லை: டிவிடியில் அது எழுத்தாக இல்லாமல் படமாக இருக்கும். அதைக் காட்டச் சொன்னால் கணினி ஒவ்வொரு சட்டகத்திலும் அதைப் பதித்து, படத்தையே மறுபடி மாற்றி அனுப்ப வேண்டியிருக்கும். டிவிடி அளவுப் படத்துக்கு உங்கள் ஐ5 அதைத் தாங்கும்.

விசிடிக்கு வேலை குறைவு. தட்டில் ‘எம்பெக்ஏவி’ (MPEGAV) என்ற கோப்புறைக்குள் ‘டேட்’ (.DAT) என்று முடியும் பெரிய கோப்புதான் படம், விஎல்சி அதை நேரே ஓட்டும். ஆனால் விசிடி, சாதாரணத் தரவுத் தட்டு போலப் பிழைத்திருத்தத் தகவலைத் தன்னுள் அதிகம் வைத்துக்கொள்வதில்லை. அந்த இடத்தையும் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். கீறல் இருந்தால் விண்டோஸ் பாதியில் பிழை சொல்லி நிறுத்திவிடும். அப்போது ஐஎஸ்ஓபஸ்டர் போன்ற மென்பொருள், கெட்ட இடத்தைத் தாண்டி மிச்சத்தை எடுக்கும். பூஞ்சை படிந்த தட்டைக் கழுவும்போது, சோப்புத் தண்ணீரில் நனைத்த மென்துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தரவுத் தடத்தோடு சேர்ந்தே ஓடும், அதைச் சாதனத்தால் திருத்திக்கொள்ள முடியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அலமாரியில் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். விசிடிகளையும் கீறல் விழுந்தவற்றையும் முதலில் ஏற்றுங்கள். நல்ல டிவிடிகள் காத்திருக்கும்.

கோப்புகளுக்குப் ‘படப்பெயர் (வருடம்)’ என்று பெயர் வையுங்கள். வருடம் முக்கியம். பழைய தலைப்பைப் புதுப் படத்துக்கு வைப்பது நம் திரையுலகில் சகஜம் என்பதால், வருடம் இல்லாவிட்டால் 1960-களின் படத்துக்குப் புதுப் படத்தின் சுவரொட்டி வந்து உட்காரும்.

கணினியில் ஜெல்லிஃபின் போடுங்கள், கணினியில் இருக்கும் படங்களை வைஃபை வழியாக ஹால் ஸ்டிக்குக்கு அனுப்பும் மென்பொருள் அது. இலவசம், இணையத்தில் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, உங்கள் படங்கள் வீட்டுக்கு வெளியே போகாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றன. விண்டோஸ் 11 கேட்பது இன்டெல் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும். உங்கள் கணினி தகுதிபெறாது. லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு அதன் மேல் ஜெல்லிஃபின் நிறுவுவதே நல்லது. இதைத் தம்பியிடம் விட்டுவிடலாம், அவர் ஆர்வத்துக்குத் தோதான வேலை. ரூட்டரில் அந்தக் கணினிக்கு நிலையான உள்முகவரி ஒதுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் போய் வந்த பிறகு ஸ்டிக் கணினியைத் தேடிக்கொண்டிருக்கும். கணினியை இரவு பகலாக ஓட்ட வேண்டியதில்லை. 45 வாட் என்று வைத்தால் மாதம் முழுக்க ஓடினால் 32 யூனிட், தினம் 4 மணி நேரம் என்றால் ஐந்தரை யூனிட்.

இவ்வளவும் தலைசுற்றுகிறது என்றால், ஏழைக்கேற்ற எள்ளுருண்டையாக ஒரு வழி: பார்க்கும் பிரதிகளை மட்டும் ஒரு யுஎஸ்பி டிஸ்க்கில் போட்டு டிவியிலேயே செருகிவிடுங்கள். சுவரொட்டிகள் வராது, விட்ட இடத்திலிருந்து தொடர்வது சந்தேகம், ஆனால் படம் ஓடும். டிஸ்க்கின் வடிவமைப்பு எஃப்ஏடி32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. உங்கள் டிவி, அந்த வரம்பு இல்லாத என்டிஎஃப்எஸ் வடிவமைப்பைப் படிக்கிறதா என்று ஒரு பென்டிரைவில் முதலில் சோதியுங்கள்.

செய்ய வேண்டிய வரிசை: எர்த் சோதனை, பிறகு ஸ்டிக், பிறகு ரிசீவர் கேபிள் மாற்றம். இந்த மூன்றும் ஒரு வார இறுதியில் முடிந்துவிடும், அம்மாவுக்கு அன்றே பலன் தெரியும். டிஸ்க்குகளும் தட்டு ஏற்றும் வேலையும் அடுத்த மாதம் தொடங்கினால் போதும். மாலைக்கு மூன்று டிவிடி வீதம் போட்டால் இரண்டு மாத வேலை, மகனுக்குக் கோடை விடுமுறை வரும்போது அவனிடமே கொடுக்கலாம். அதுவரை பழைய டிவிடி பிளேயரைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். கணினியின் டிரைவ் படிக்க மறுக்கும் சில தட்டுகளைத் தனிப் பிளேயர் சமாளித்து ஓட்டிவிடும். அப்படி ஓடும் தட்டுகளை ஒதுக்கி வைத்து, இன்னொரு நிறுவனத்தின் யுஎஸ்பி டிவிடி டிரைவை இரவல் வாங்கி முயன்று பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்ட தட்டை இன்னொன்று படிப்பது அடிக்கடி நடக்கும்.